நூல் வாசல்

கண்ணு,

இதைப் போனில் பேசிவிடலாம் என்று மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் நீ, "ஏனுங்ம்மா, மீட்டிங்ல இருக்கறனுங், அப்பறமாக் கூப்படட்டுங்களா?" என்று மரியாதையாகவே என் வாயை அடைத்துவிட்டாய். பெங்களூர் போன நாலு வருஷத்தில் நீ கற்றுக்கொண்ட வித்தை அது. அதனால்தான் உன் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார். கூரியர் ஆபீசுக்குப் போக உன் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். இன்றைக்குச் சனிக்கிழமை, திங்கட்கிழமை உன் கைக்கு வந்துவிடும். புதன்கிழமை நீ அந்தப் பல் டாக்டரின் நாற்காலியில் போய்ச் சாய்வதற்கு முன்னால் ஒரு தடவை முழுசாகப் படித்துவிடு. அப்புறம் உன் இஷ்டம்.

நீ வாட்ஸப்பில் அனுப்பிய டாக்டர் சீட்டை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். போன மாதம் ரூட் கேனல் செய்த கீழ்க் கடவாய்ப் பல்லுக்குக் கேப். சரி. முன்பல் ஒன்றில் மூலை உடைந்திருக்கிறதே, அதை அடைத்தாலே போதும் என்று டாக்டரே எழுதியிருக்கிறார். அதுவும் சரி. அதற்குக் கீழே, நீ கேட்டுக்கொண்டதால், மேல்வரிசையில் எட்டுப் பல்லுக்கு வெனீர், அதாவது பல்லை மேலாகச் சுரண்டிவிட்டு வெள்ளைச் சில்லு ஒட்டுகிற வேலை. எட்டு! உடைந்தது ஒன்று, அதிலும் ஒரு மூலை. மற்ற ஏழும் என்ன பாவம் செய்தன? கேட்டால், கல்யாணத்துக்கு மேக்கப் போட வருகிற பெண் சொன்னாளாம், குளோசப் எடுக்கும்போது பல் ஒரே சீராக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று. தை மாதம் ஒரு நாள் காலையில் வந்து மூஞ்சியில் பவுடர் அடித்துவிட்டுப் போகிறவள் அவள். அந்தப் பல்லை வைத்துக்கொண்டு நாற்பது, ஐம்பது வருஷம் சோறு தின்னப்போகிறவள் நீ. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். உன் அப்பா வாயே திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

பணத்தைப் பற்றி நான் பேசவில்லை. உன் சம்பளம், உன் பல், உன் கல்யாணம். "அம்மாவுக்கு என்ன தெரியும்" என்று நீ நினைக்கலாம். பல் விஷயத்தில் அம்மாவுக்குத் தெரியும் கண்ணு. இரண்டு தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன். ஒன்று உன் வாயில் செய்தது, இன்னொன்று என் வாயில் செய்தது.

உன் கடவாய்ப் பல்லில் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அதில் ஒரு கறுப்புப் புள்ளி. நம் ஊர் ராயபுரத்தில் நாம் லைன் வீட்டில் இருந்த காலம். பக்கத்துத் தெருப் பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சின்ன ஓட்டைங்க, இப்பவே அடைச்சுட்டா ஒரே நாள்ல முடிஞ்சுருமுங்க" என்றார். எனக்கோ பனியன் கம்பெனியில் தினம் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது, சரக்கு கப்பல் ஏறியாக வேண்டும், ஒரு நாள் லீவு கேட்டால் மேனேஜர் முறைப்பார். "பால் பல்லுதானுங்க, எப்படியும் விழுந்துரும்" என்று அவருக்கே பாடம் சொல்லிவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் ஓசைப்படாமல் முளைக்கிற அந்தப் பல் விழுவதற்கு வந்ததில்லை, கடைசி வரைக்கும் இருக்க வந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவர் சொல்ல வாயெடுத்தார். நான்தான் நின்று கேட்கவில்லை. கிராம்பு எண்ணெய்ப் பஞ்சை வைத்துக்கொண்டே நாள் கடத்தினேன். புள்ளி குழியாயிற்று. ஏழாம் வகுப்பில் பெரிய அடைப்பு வைத்தோம், காலேஜில் அது பெயர்ந்து விழுந்தது, இப்போது ரூட் கேனல். சின்ன அடைப்போடு தீர வேண்டியது கேப்பில் வந்து நிற்கிறது. அதற்கு நான்தான் பொறுப்பு. அந்தப் பல்லுக்குக் கேப் கட்டாயம் போட்டுக்கொள், தள்ளிப் போடாதே. நரம்பு எடுத்த பல் உள்ளே காய்ந்து கிடக்கும், ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது இரண்டாகப் பிளந்துவிடும் என்று என் டாக்டரும் சொன்னார்.

ஆனால் முன்பல் கதை வேறு. நீ கம்பெனிகளுக்குப் பனியன் ஆர்டர் கொடுக்கிற பையிங் ஆபீசில் இருப்பவள், உன் பாஷையிலேயே சொல்கிறேன். ஒரு பனியனில் சின்ன ஓட்டை. நாம் என்ன செய்வோம்? ஆல்ட்டருக்குப் போடுவோம், ஊசி பிடித்துச் சரிசெய்து கட்டோடு சேர்த்துவிடுவோம். பல்லை அடைப்பது அதுதான். முன்பக்கமே கிழிந்துபோனால் அந்தத் துண்டையே மாற்றியாக வேண்டும், அது கேப். ஆனால் ஒரு பீஸில் ஓட்டை என்பதற்காக, கூட இருக்கிற ஏழு நல்ல பீஸையும் மேலாகச் சுரண்டி, மேலே வேறு துணி ஒட்டுகிற கம்பெனியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? பார்த்தால் ஆர்டரையே கேன்சல் பண்ணுவாய். வெனீர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பல் முழுக்கக் கறை ஏறிப்போனவர்கள், தேய்ந்துபோனவர்கள், வெளியில் சொல்ல முடியாத வேதனையில் வாயை மூடிக்கொண்டே இருந்தவர்கள் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். உன் பல்லுக்கு அந்த வேதனை ஒன்றும் கிடையாது. சுரண்டிய பல் மறுபடி வளராது. பத்துப் பதினைந்து வருஷத்தில் அந்தச் சில்லு பெயர்ந்தால் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

"இதெல்லாம் உங்களுக்கு ஆருங் சொன்னது?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. இங்கே வா, உட்கார், என் பல் கதையைச் சொல்கிறேன். பாதி உனக்குத் தெரியும். மீதி உனக்குத் தெரியாது என்று நானும், எனக்குத் தெரியாது என்று நீயும் இத்தனை வருஷம் நடித்துக்கொண்டிருக்கிறோம். (உன் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். கடிதம் இப்போதைக்கு முடியாது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.)

நான் சிங்கர் மெஷினில் லேபிள் வைத்துத் தைத்தவள். ஒரு லேபிளுக்கு இரண்டு நூல் முனை. வெட்டுவதற்கு டிரிம்மர் உண்டு, மெஷினிலேயே கயிறு போட்டுக் கட்டியிருக்கும். ஆனால் அதைக் கையில் எடுத்து, வெட்டி, கீழே வைப்பதற்குள் பக்கத்து மெஷின்காரி அடுத்த பீஸை முடித்திருப்பாள். பீஸ் ரேட்டில் தைக்கிறவளுக்கு அந்த நொடி பெரிது. துணியை அப்படியே வாய்க்குக் கொண்டுபோய் முன்பல்லில் ஒரு வெட்டு, நூல் போயிற்று. எங்கள் லைனில் எல்லாருக்கும் இதே பழக்கம். காட்டன் நூல் இருந்த வரைக்கும் பல் தாங்கியது. பாலியஸ்டர் நூல் வந்ததும் ஒவ்வொருத்தி பல்லிலும் ஒரு வெட்டு விழுந்தது. என் மேல் முன்பல்லின் நுனியில், நட்ட நடுவில், நூல் போகிற அளவுக்கு ஒரு பள்ளம். பஸ்ஸில் யாராவது பெண் சிரித்தால் பல்லைப் பார்த்தே, "இவ டெய்லரு" என்று சொல்லிவிடுவோம்.

அந்தப் பள்ளத்துக்குப் பெயர் வைத்தவள் நீ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் நான் உன் பக்கத்தில் படுப்பேன். நீ என் மேல் காலைப் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலை என் வாய்க்குள் விட்டு, அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டே இருப்பாய். "இது வழியாத்தான் நூலு போகுங்களாம்மா?" "ஆமா கண்ணு." "அப்ப இது நூல் வாசலுங்." அன்றையிலிருந்து அதற்கு நூல் வாசல் என்றே பெயர். விரல் அதில் இருந்தால்தான் உனக்குத் தூக்கம் வரும். நான் தூங்கிப்போனால் வாயைத் திறக்கச் சொல்லி எழுப்புவாய். வாரம் முழுக்கத் தைத்த களைப்பில் எரிச்சலாகத்தான் இருக்கும். இப்போது நினைத்தால், அந்த மத்தியானங்களில் ஒன்று திரும்பக் கிடைக்குமா என்று இருக்கிறது.

நீ நாலாம் வகுப்புக்குப் போனபோது என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கழுத்தில் ஐடி கார்டு, கையில் நோட்டு, உட்காராத வேலை. தலைக்குக் கொஞ்சம் ஏறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். வாயைத் திறந்தால் இவள் நேற்று வரைக்கும் மெஷினில் கிடந்தவள் என்று பல்லே காட்டிக்கொடுக்கிறதே என்று வெட்கம். அந்தப் பக்கத்துத் தெரு டாக்டரிடமே போனேன். "அடைச்சு விட்டாப் போதுமுங்க, பல்லு நல்லாத்தான் இருக்குது" என்றார். "அடைச்சது பேந்துக்கிட்டா என்னங்க பண்றது? எனக்கு ஒரேயடியா நிக்கற மாதிரி கேப்பே போட்டு உடுங்க" என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். மெஷின் ஓடிற்று. தேய்க்கிற வாசனை மூக்கில் ஏறியது. நடுவில் கண்ணாடியைக் காட்டினார். என் பல் இருந்த இடத்தில் சீவிய பென்சில் முனை மாதிரி ஏதோ ஒன்று நின்றது. தேய்த்த பிறகு என்ன செய்ய முடியும்?

வெள்ளை வெளேரென்று கேப் வந்தது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சிரித்துக் காட்டினேன். அவர் கட்டிங் மாஸ்டர். ஒரு துணியை வெட்டுவதற்கு முன்னால் பத்துத் தடவை யோசிக்கிற மனுஷர். ஒரு நிமிஷம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ வழக்கம்போல விரலை விட்டாய். தடவினாய். மறுபடி தடவினாய். எழுந்து உட்கார்ந்து, "என்ற அம்மா பல்லு எங்க?" என்றாய். "இதாங் கண்ணு, புதுசு, அளகா இருக்குதில்ல?" "இது வேண்டாம். என்ற அம்மா பல்லு எங்க?" நீ நிறுத்தாமல் அழுதாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆசைப்பட்டுச் செய்துகொண்டதை நீ ஒருத்தி நல்லாயிருக்கிறது என்று சொல்லக் கூடாதா என்ற ஆத்திரத்தில் உன்னை அறைந்துவிட்டேன். அதற்கு முன்னாலும் சரி, அதற்கு அப்புறமும் சரி, நான் உன்னைக் கன்னத்தில் அடித்ததில்லை. அன்றையிலிருந்து நீ என் வாயில் விரல் வைக்கவில்லை.

அந்தக் கேப் என்ன ஆயிற்று என்ற கூத்தையும் கேள். ஆறு மாதம் இருக்கும். கம்பெனியில் புது உத்தரவு, பல்லால் யாரும் நூல் கடிக்கக் கூடாது, துணியில் எச்சில் கறை படிகிறது என்று. போர்டு மாட்டியாயிற்று. லைன் லைனாகப் போய் உபதேசம் செய்கிற வேலை எனக்கு. "பல்லு என்ன கத்திரிக்கோலாடி?" என்று ஒவ்வொருத்தியையும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அன்றைக்குச் சாயங்காலமே, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு லேபிள் வைக்கிறது எப்படி என்று காட்ட மெஷினில் உட்கார்ந்தேன். தைத்தேன். கை தன்னால் வாய்க்குப் போயிற்று. நறுக்கென்று ஒரு கடி. நூலும் வந்தது, கேப்பும் கூடவே வந்து எகிறிப் போய்விட்டது. பக்கத்து மெஷின் சரசக்கா மதுரைப் பக்கத்துக்காரி, அவளுக்குத் தொண்டை பெரிசு. "அடியே, சூப்பர்வைசரு பல்லு பறந்துருச்சுடி! எல்லாரும் மிசினை நிப்பாட்டுங்க!" என்று கத்தினாள். முப்பது மெஷினும் நின்றது. அத்தனை பேரும் தரையில் தவழ்ந்து நூல் வேஸ்ட்டைக் கிளறித் தேடினார்கள். பீகார்ப் பையன் ஒருவன், "தீதி, தாந்த் மில் கயா!" என்று, பல் கிடைத்துவிட்டதாக இந்தியில் கத்திக் கையில் தூக்கிப் பிடித்தான். போர்டுக்கு நேர் கீழே கிடந்ததாம். இன்றைக்கும் சரசக்கா போன் பண்ணினால் முதல் கேள்வி, "பல்லு ஒக்காந்துருக்கா, கெளம்பிருச்சா?" என்பதுதான்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் பாத்ரூமுக்குப் போய்க் கண்ணாடியில் அந்தப் பென்சில் முனையைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது கண்ணு. நூல் வாசல் போயே போய்விட்டது. அது ஓட்டை என்றுதான் நினைத்திருந்தேன். சுற்றிலும் நல்ல பல் இருந்ததே, அதையெல்லாம் நானே தேய்க்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்கப்புறம் அதே கேப்பை ஒட்டினார்கள்; வருஷம் போகப் போக ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. போட்டோவில் நான் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பது அதனால்தான். நீ நினைப்பது போல எனக்குச் சிரிக்கத் தெரியாமல் இல்லை.

இப்போது உன் முன்பல்லுக்கு வருகிறேன். இதைத்தான் போனில் பேச முடியவில்லை. பள்ளிக்கூடத்துக் குழாயடியில் வழுக்கி விழுந்ததால் மூலை உடைந்தது என்று நீ எல்லாரிடமும் சொல்கிறாய். டாக்டர் சீட்டில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறது. நீ விழவில்லை. நான் உன்னை அறைந்த பத்தாவது நாள் அது. உதட்டில் ஒரு சிராய்ப்பு இல்லை, முட்டியில் ஒரு காயம் இல்லை, பல் மட்டும் எப்படி உடையும்? அன்றைக்கு உன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்த்தேன். என் மெஷின் நூல் ஒரு முழம். அதில் கோத்த ஒரு உலோகப் பொத்தான். பொத்தானில் பல் பதிந்த தடம். நீ பல்லில் நூல் வாசல் வைக்கப் பார்த்திருக்கிறாய். அம்மாவுக்குப் போனது உனக்காவது இருக்கட்டும் என்று, நூலைக் கடித்து, பற்றாமல் பொத்தானைக் கடித்து, மூலையே பெயர்ந்துவிட்டது.

நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நான் அறைந்ததைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். "பாத்துப் போறதில்லையா?" என்று மட்டும் திட்டினேன். அன்றைக்கே உன்னை மடியில் போட்டுக்கொண்டு, "அம்மா அடிச்சது தப்பு சாமி" என்று சொல்லியிருக்க வேண்டும். பதினெட்டு வருஷம் கழித்துக் கணக்கு நோட்டுத் தாளில் சொல்கிறேன். தப்பு கண்ணு. பெரிய தப்பு. என் பல்லுக்காக அழுத ஒரே ஆள் நீதான், உன்னைப் போய் அடித்தேன்.

அந்த உடைந்த மூலையை அடைத்துக்கொள். நாக்கில் குத்தும், ஓரம் பழுப்பேறிவிட்டது, பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது. பல் நிறத்திலேயே அடைக்கிறார்கள். ஒரு வேளை பெயர்ந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம், பல் அப்படியே இருக்கும். மற்ற ஏழையும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது என் ஆசை. மாப்பிள்ளை உன்னைப் பார்க்க வந்த அன்றைக்கு, காபித் தட்டோடு வந்தவள் அவர் சொன்ன ஏதோ ஒரு ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்தாயே, இந்தப் பல்லோடுதானே சிரித்தாய். அவருக்காக என்று சொல்லவில்லை. உனக்காகத்தான் சொல்கிறேன். இத்தனையும் படித்த பிறகும் எட்டும் வேண்டும் என்று தோன்றினால், போன் பண்ணு. செவ்வாய்க்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்து, உன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். சத்தியம்.

கடைசியாக ஒன்று. உனக்குத் தெரியாது, என் கேப் போன மாதம் நிஜமாகவே கிளம்பிவிட்டது. நூல் கடிக்கவில்லை, இட்லி தின்றேன், வயசாகிவிட்டது, அவ்வளவுதான். நம் அவிநாசி ரோட்டு லேடி டாக்டரிடம் போனேன். தேய்த்த பல்லை இனி அடைக்க முடியாது, புதுக் கேப்தான் போட வேண்டும், இந்தத் தடவை கறுப்புக் கோடு வராத ஜாதி என்றார். அளவெடுத்து முடித்துவிட்டு, "நுனி எப்படி இருக்கோணுமுங்கம்மா? பக்கத்துப் பல்லுக்குச் சமமா வெச்சறலாமுங்களா?" என்று கேட்டார். நான் அந்தப் பென்சில் முனையை நாக்கால் தடவிப் பார்த்தேன். அப்புறம், "நடுவுல நூல் போற அளவுக்கு ஒரு பள்ளம் வெக்க முடியுங்களா டாக்டர்?" என்றேன். அந்த அம்மா மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாரும் பள்ளத்த மூடச் சொல்லித்தானுங்க வருவாங்க!" என்று சிரித்தார். நான் பல் தெரியச் சிரிக்கிற பழைய போட்டோ ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன், மெஷினில் உட்கார்ந்திருந்த காலத்துப் போட்டோ. அதைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். நேற்று மாட்டிவிட்டார். உன் அப்பா ஒரு நிமிஷம் பார்த்தார். இந்தத் தடவை செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகவில்லை.

நீ எப்போது வந்தாலும் சரி. வந்து, மத்தியானம் என் பக்கத்தில் படுத்து, விரலை வைத்துப் பார்த்துச் சொல், வாசல் அதே இடத்தில்தான் இருக்கிறதா என்று. தள்ளியிருந்தால் சொல்லிவிடு, ஆல்ட்டருக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உன் அம்மா